குழந்தையின் இமைக் கட்டியை அளக்க முப்பரிமாணப் படம் எதற்கு?

மூன்று மாதக் குழந்தையின் மேல் இமையில் ஹெமாஞ்சியோமா என்ற ரத்தநாளக் கட்டி. ஸ்கேல் வைத்து அளந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கேல் நீள அகலத்தைத்தான் சொல்லும். இந்தக் கட்டியோ மேடாக வளரும். 2008-இலிருந்து இதற்குக் கொடுக்கப்படும் புரோப்ரனலால் மருந்தில், ஓரம் அப்படியே இருக்க மேடு மட்டும் தணியலாம். ஸ்கேலுக்கு அது தெரியாது. உருண்டைக் கட்டியின் குறுக்களவு 10 மி.மீ.யிலிருந்து 8 ஆகக் குறைந்தால் அற்பமாகத் தோன்றும். கன அளவிலோ ஏறக்குறைய பாதி போய்விட்டது!

அப்புறம், கைக்குழந்தை அசையாமல் இருக்குமா? முப்பரிமாணப் படத்துக்குப் பல கேமராக்கள் வெவ்வேறு கோணங்களில் ஒரே கணத்தில் படமெடுக்க, கணினி அவற்றைக் கோத்து முகத்தின் மேற்பரப்பை உருவாக்கும். கதிர்வீச்சும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஆனால் அழும்போது கட்டி புடைக்கும் என்பதால், அழுகை அடங்கிய பிறகு எடுத்த படத்தைத்தான் நம்பலாம். முகமும் வளர்வதால், பழைய படத்தோடு மட்டுமல்லாமல் மறுபக்க இமையோடும் ஒப்பிட வேண்டும்.

இந்தப் படத்தில் தோலின் மேற்பரப்புதான் தெரியும். கண்ணுக்குப் பின்னால் கட்டி போயிருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும்.

என்னைக் கேட்டால், அளவைவிடப் பார்வைதான் முக்கியம். சின்னக் கட்டிகூடக் கருவிழியை அழுத்தி சிலிண்டர் பவரை (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் மங்கலை) உண்டாக்கி, அந்தக் கண்ணைச் சோம்பேறிக் கண்ணாக்கிவிடலாம்; அதாவது, மூளை அந்தக் கண்ணைச் சரியாகப் பயன்படுத்தாமல் பார்வை குறைந்துவிடும். படம் எடுக்காவிட்டாலும் பவர் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.