பிறந்த வீட்டுக்கு ஒரு சான்று

வணக்கம்.

ஒருவர் இந்தியரா வெளிநாட்டவரா என்று தீர்மானிக்கும் அசாமின் வெளிநாட்டவர் தீர்ப்பாயங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் முப்பத்தொரு ஆண்டுகள் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். காகிதம் இல்லை என்று ஒருவரை வெளிநாட்டவர் ஆக்குவது மனித உரிமைக்கு எதிரானது என்று நீங்கள் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. இந்த நாட்டுக்காரன் என்பதற்குக் காகிதம் காட்டச் சொல்வதில் என்ன தவறு? பட்டா வேண்டுமென்றால் பத்திரம் காட்டுகிறான், முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று காட்டுகிறான். தங்கள் மொழியும் நிலமும் கைவிட்டுப் போகின்றன என்று அசாம் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். தமிழர்களுக்கு அது புரிய வேண்டாமா? சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் சட்டப்படி தீர்ப்புச் சொல்கிறது. நடுவில் மனித உரிமை என்று பேசிக்கொண்டிருந்தால் அரசு எந்தக் கொள்கையைத்தான் நடைமுறைப்படுத்த முடியும்? கடைசியாக ஒன்று. வெளிநாட்டவர் என்று சந்தேகிக்கப்பட்ட, அசாமின் நல்பாரிக்காரர் ஒருவரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் வழக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.

— ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ஐயா,

அசாம் மக்களின் அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1979 முதல் ஆறு ஆண்டுகள் நடந்த போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிர்விட்டார்கள். அதன் முடிவாக 1985 ஆகஸ்ட் 15-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1971 மார்ச் 24 என்று ஒரு கெடு வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வங்கதேசத்திலிருந்து வந்தவர் வெளிநாட்டவர். அந்தக் கெடு எனக்கும் ஏற்புடையதுதான். வந்தவர் யார், இருந்தவர் யார் என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் என் மறுப்பு.

பட்டாவை உதாரணம் காட்டினீர்கள். பட்டா கேட்டு வருகிறவர் தானாக வருகிறார். தாசில்தார் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். அத்தனை பேரும் மறுத்தாலும் அவர் இரவு தன் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். அசாமில், வீட்டில் இருப்பவரைத் தேடி நோட்டீஸ் வருகிறது. நீ வெளிநாட்டவன் என்று சந்தேகிக்கிறோம், இல்லை என்று நீயே நிரூபி என்கிறது. திருட்டு வழக்கில் பிடிபட்டவன் திருடினான் என்பதைக் காவல்துறைதான் நிரூபிக்க வேண்டும். இங்கே நிரூபிக்கும் சுமை 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி சந்தேகத்துக்கு ஆளானவர் தலையில் விழுந்தது. அந்தச் சுமையை அரசின் மேல் வைத்த 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2005-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1946 சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் வந்த புதிய சட்டத்திலும் சுமை இடம் மாறவில்லை. தீர்ப்பாயத்துக்கு மேலே முறையீட்டு மன்றம் கிடையாது. குவாஹாட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். சாட்சியத்தை அங்கே புதிதாக எடைபோட மாட்டார்கள்.

உங்கள் வேலையோடு நெருங்கிய ஒன்றைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண். பதினெட்டு வயதுக்குள் கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டாள். வாக்காளர் பட்டியலில் முதன்முதலாகப் பெயர் ஏறும்போதே இன்னாரின் மனைவி என்று ஏறுகிறது. அவள் தந்தையின் பெயர் 1966 பட்டியலில் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மனிதரின் மகள்தான் இவள் என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை. பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், சொத்துப் பத்திரம் எதுவும் கிடையாது. இவளைப் போன்றவர்களுக்காகவே ஊராட்சிச் செயலர் ஒரு சான்று கொடுப்பார்: இன்ன ஊர் இன்னாரின் மகள், கல்யாணமாகி இன்ன ஊருக்குப் போனவள் என்று. நீங்கள் எத்தனை வாரிசுச் சான்றுக்கு விசாரணை எழுதியிருப்பீர்கள்! அதே வேலைதான்.

அசாமில் இந்தியக் குடிமக்களைப் பட்டியலிடும் தேசியக் குடிமக்கள் பதிவேடு தயாரானபோது லட்சக்கணக்கான பெண்கள் இந்தச் சான்றை வைத்துத்தான் விண்ணப்பித்தார்கள். 2017 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சான்று மட்டும் குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாது, சரிபார்த்த பிறகு தந்தைக்கும் மகளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டப் பயன்படுத்தலாம் என்றது. ஆனாலும் தீர்ப்பாயத்தில், சான்று கொடுத்தவரே நேரில் வந்து, பதிவேட்டோடு, இது நான் கொடுத்ததுதான் என்று சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் மாற்றலாகிப் போயிருக்கலாம், இறந்திருக்கலாம். அந்தப் பெண் அவரை எங்கே போய்த் தேடுவாள்? ஐயா, நீங்கள் முத்திரை குத்திய ஒவ்வொரு காகிதத்துக்கும் ஊர் ஊராகப் போய்ச் சாட்சிக்கூண்டில் நிற்க உங்களால் முடியுமா?

என் அம்மாவுக்கு மூன்று வயது. குடும்ப அட்டையில் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று. ஒன்றில் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது, இன்னொன்றில் 'அம்மா'வோடு நின்றுவிட்டது. திருத்தம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தோம். நான்காவது முறை அம்மா, "விடுப்பா, எனக்கு என்னைத் தெரியும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். எங்களுக்கு அது ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. அசாமின் பார்பேட்டாவிலோ துப்ரியிலோ இருந்திருந்தால் அந்த 'ள்' ஒன்றே போதும், அம்மாவைச் சிறைக்குள் தள்ள.

சிறை என்று மிகைப்படுத்தவில்லை. வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டவர்களை அடைக்கும் தடுப்பு முகாம்கள் பல ஆண்டுகள் கோல்பாரா, தேஜ்பூர், சில்சர் உள்ளிட்ட ஆறு இடங்களில் சிறைச்சாலைகளுக்குள்ளேயே இருந்தன. 2023-இல்தான் மாட்டியாவில் தனி முகாம் திறந்தார்கள். வங்கதேசம் தன் குடிமகன் என்று ஒப்புக்கொள்ளாதவரை முறைப்படி அங்கே அனுப்ப முடியாது. அதனால் அடைக்கப்பட்டவருக்கு விடுதலைத் தேதி என்று ஒன்றே இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளைக் கடந்தவர்களை நிபந்தனையோடு விடலாம் என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னபோதுதான் கதவு கொஞ்சம் திறந்தது. அதே மாதக் கடைசியில் கோல்பாராவுக்குள் தள்ளப்பட்டவர்களில் ஒருவர், முப்பது ஆண்டுகள் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிய விசாரணை அறிக்கையில் தொழில் 'கூலி' என்று எழுதியிருந்தது.

சட்டப்படி அமைந்த தீர்ப்பாயம் என்கிறீர்கள். அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது மாநில அரசு, எதிரே வழக்காடுவதும் அதே அரசு. 2017-இல் செயல்பாடு திருப்தியாக இல்லை என்று 19 பேரை நீக்கினார்கள். நீதிமன்றத்தில் அரசு வைத்த மதிப்பீட்டில், யார் எத்தனை சதவீதம் பேரை வெளிநாட்டவர் என்று அறிவித்தார் என்ற கணக்கும் இருந்தது. அப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்து, இவர் நம்மவர்தான் என்று தீர்ப்பெழுத ஒருவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

1985 முதல் 2019 பிப்ரவரி வரை 63,959 பேர், ஆள் வராமலேயே ஒருதலைப்பட்சமாக வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டார்கள். மக்களவையில் அரசே கொடுத்த எண் இது. ஏன் வரவில்லை? பிரம்மபுத்திராவின் மணல்திட்டுகளில் வாழ்கிறவர்களின் வீட்டை ஆறு கொண்டுபோகும், அவர்கள் வேறு திட்டுக்குப் போவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் நோட்டீஸைக் கடைசியாக இருந்த முகவரியில் ஒட்டலாம் என்கிறது விதி. அந்த முகவரியில் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

மனித உரிமை பேசினால் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். நம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, எந்த ஒரு நபரின் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கச் சொல்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் அகதிகளாக வந்து குடியேறிய சக்மா மக்களை விரட்ட மிரட்டல் வந்தபோது தேசிய மனித உரிமை ஆணையம் வழக்குத் தொடுத்தது. குடிமகனோ இல்லையோ, ஒவ்வொரு மனிதரையும் காப்பது அரசின் கடமை என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் எந்தக் கொள்கையும் நின்றுபோகவில்லை. நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: ஏன் சந்தேகம் என்று சொல்லுங்கள், கையில் உள்ள ஆதாரத்தைக் காட்டுங்கள், பதில் சொல்ல நேரம் கொடுங்கள், அரசுக்குக் கடமைப்படாத ஒருவர் விசாரிக்கட்டும். இன்று போகிற திசை வேறு. 2025 செப்டம்பரில் அசாம் அமைச்சரவை, 1950-ஆம் ஆண்டின் வெளியேற்றச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. மாவட்ட ஆணையரே சந்தேக நபரிடம் பத்து நாளில் நிரூபி என்று கேட்டு, வெளியேற்ற உத்தரவு போடலாம். இந்தத் தீர்ப்பாயத்தைக் கூடத் தாண்டிப் போகிற வழி அது. உங்களைப் போன்ற வருவாய்த் துறைக்காரர்களுக்குப் பத்து நாள் எவ்வளவு என்று தெரியும். ஒரு நகல் வாங்கவே போதாது.

நல்பாரிக்காரரின் கதை இதுதான். அவர் மேல் சந்தேகம் எழுந்தது 2004-இல். உடல்நலக் குறைவால் உரிய நேரத்தில் ஆவணங்களைக் கொடுக்க முடியவில்லை. 2012-இல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாயிற்று. உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பி மறுபடி விசாரித்தபோதும், எழுத்துப் பிழையையும் தேதி முரணையும் காட்டி வெளிநாட்டவர் என்றே சொன்னார்கள். 2024 ஜூலை 11-இல் உச்ச நீதிமன்றம் அவரை இந்தியர் என்று அறிவித்தது. எந்த அடிப்படையும் இல்லாமல் ஒருவர் கதவைத் தட்டி, உன்னைச் சந்தேகிக்கிறோம் என்று சொல்ல 9-ஆம் பிரிவு அதிகாரம் தரவில்லை என்றது. வாக்காளர் பட்டியலில் பெயரின் எழுத்து மாறுவது சகஜம் என்றும் சொன்னது. அவர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். 2021 டிசம்பரிலேயே இறந்துவிட்டார்.

அன்புடன்.