வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் போடணுமா?

கேள்வி: ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர்32 கேஸ். வாங்கியதிலிருந்து ஒவ்வொரு மாசியிலும் மெக்கானிக் வந்து பிரஷர் பார்க்கும் கேஜை மாட்டிக் காட்டி, "கேஸ் கம்மியா இருக்குதுங்க" என்று நிரப்பிவிட்டுப் போகிறார். இந்த வருஷமும் அதே பேச்சு. கேஸ் இப்படித் தீருமா? (வாசகர், பல்லடம்)

பதில்: தீராதுங்க. அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து தீர்கிற கேஸ் இல்லை இது, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச்சுற்றி வருவது. வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது, அதை அடைக்காமல் மேலே மேலே ஊற்றுவது உங்கள் காசுக்குத்தான் கேடு. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். செம்புக் குழாயை முடுக்கியிருக்கும் பித்தளை நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுபிசுப்போடு கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுக்கு, ஏனென்றால் கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும். சோப்பு நுரை தடவினால் முட்டை விடும். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றித்தான் தேட வேண்டும்.

கேஜ் காட்டுவதை அப்படியே நம்பவும் வேண்டாம். மெஷின் நின்றிருக்கும்போது உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே போதும், 35 டிகிரி வெயிலில் ஆர்32 கேஜில் 300 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும், அரை கிலோ இருந்தாலும் அவ்வளவுதான், முக்கால் கிலோ இருந்தாலும் அவ்வளவுதான். ஓடும்போது பார்த்தாலும் இன்வெர்ட்டரில் கம்ப்ரசர் வேகம் ஏறி இறங்க, முள்ளும் கூடவே ஆடும். அதனால் சரியான வழி ஒன்றுதான்: உள்ளே இருப்பதை முழுக்க ரெக்கவரி சிலிண்டரில் எடுத்து, ஒழுக்கை அடைத்து, வேக்கம் பம்ப் போட்டுக் குழாயின் காற்றை உறிஞ்சி 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, அப்புறம் அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற கிராம் கணக்கைத் தராசில் வைத்து ஏற்றுவது. அந்த அளவு பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது, ஆகவே கண்மதிப்பில் நூறு கிராம் முன்னே பின்னே போனாலும் மெஷினுக்குத் தெரியும். அவுட்டோரை மொட்டை மாடியில் வைத்துக் குழாயை நீட்டியிருந்தால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூடுதல் என்று மேனுவலில் இருக்கும், அதையும் சேர்க்க வேண்டும். தராசு இல்லாமல் வருகிறவரிடம் கேஸ் வேலையைக் கொடுக்காதீர்கள். ஆர்32 லேசாகத் தீப்பற்றும் வகை வேறு, வேலை நடக்கும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

கேள்வி: பனியன் கம்பெனிக்குப் பக்கத்து வீடு. குளிர்ச்சி குறைந்துவிட்டது, இண்டோர் காயிலில் ஐஸ் கட்டித் தண்ணீர் சொட்டுகிறது. கேஸ் குறைந்துவிட்டதா? (வாசகி, திருப்பூர்)

பதில்: உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது பஞ்சைத்தாங்க. ஃபில்டரில் பஞ்சு அடைத்தால் காயிலுக்குக் காற்று போகாது, குழாயில் பிரஷர் இறங்கும், ஐஸ் கட்டும். கேஸ் குறைந்தாலும் இதே பிரஷர் இறக்கம், இதே ஐஸ்! அவசரக்கார மெக்கானிக் முள்ளைப் பார்த்து கேஸ் ஏற்றிவிடுவார், பிறகு ஃபில்டரைக் கழுவிய அன்று கேஸ் மிகுந்து போய் கம்ப்ரசருக்குள் திரவம் திரும்பும், கரண்ட் பில்லும் ஏறும். அவுட்டோர் காயிலின் பின்பக்கம் பார்த்தீர்களா? வெள்ளைப் போர்வை மாதிரி படிந்திருக்கும். மெஷினை நிறுத்தி, ஐஸ் முழுக்க உருகிய பிறகு இரண்டையும் கழுவுங்கள். அப்புறம் 18 டிகிரியில் வைத்து இருபது நிமிஷம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் பாருங்கள். பத்து டிகிரி வாக்கில் வித்தியாசம் இருந்தால் கேஸைத் தொட வேண்டியதில்லை, மழை ஈரமான நாளில் கொஞ்சம் குறையும். அப்படியும் தேறாமல், அவுட்டோர் வால்வில் மெல்லிய குழாயில் மட்டும் வெள்ளைப் பனி பூத்து, தடித்த குழாய் வேர்க்காமல் காய்ந்தே கிடந்தால் அப்போது கேஸ் பற்றாக்குறை என்று சொல்லலாம்.

கேள்வி: பழைய ஆர்22 ஏசி. அதில் ஆர்32 போட்டுத் தருகிறேன், விலையும் குறைவு என்கிறார்கள். போடலாமா? (வாசகர், கோபி)

பதில்: வேண்டவே வேண்டாம். 5 டிகிரியில் ஆர்22 கேஜில் 70 பிஎஸ்ஐ காட்டும், ஆர்32 120-ஐத் தாண்டும், அவுட்டோர் பக்கம் வித்தியாசம் இன்னும் அதிகம். உங்கள் மெஷினின் குழாயும் கம்ப்ரசரும் அதற்குச் செய்ததில்லை, எண்ணெயும் வேறு. சர்வீஸுக்கு ஆர்22 இன்னும் கிடைக்கிறது, அதையே போடுங்கள். இந்தப் பழைய மெஷின்கள் பெரும்பாலும் கேப்பிலரி வகை (கேஸ் அளவு மாறாத மெல்லிய குழாய் வழியே போகும்) என்பதால் அளவைச் சோதிக்கவும் எளிது: ஓடும்போது முள் 70 காட்டினால் உள்ளே கொதிநிலை 5 டிகிரி, தடித்த குழாயைத் தொட்டு அளந்தால் 12 என்றால் வித்தியாசம் 7. இதற்குச் சூப்பர்ஹீட் என்று பெயர். காயில் சுத்தமாக இருந்தும் அது 20-க்கு மேலே ஏறினால் கேஸ் குறைவு, பூஜ்யத்தை ஒட்டினால் அதிகம். நடுவில் எந்த அளவு சரி என்பது அன்றைய வெயிலையும் அறையின் ஈரத்தையும் பொறுத்தது, மெக்கானிக்கிடம் அதற்கான சார்ட் இருக்க வேண்டும். மெஷின் பத்து வருஷம் தாண்டி, காயிலே அரித்து ஒழுகுகிறது என்றால் கேஸுக்குக் கொடுக்கிற காசைப் புது மெஷினுக்கு ஒதுக்குங்கள்.