கான்செப்ட் ஆல்பம் என்றால் என்ன? சாதாரண பாப் ஆல்பத்திலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒரே கருவை, மனநிலையை அல்லது கதையைச் சுற்றி எல்லாப் பாடல்களும் அமைந்திருந்தால் அது கான்செப்ட் ஆல்பம். சாதாரண பாப் ஆல்பம் சிறுகதைத் தொகுப்பு மாதிரி, எங்கே பிரித்தும் படிக்கலாம். கான்செப்ட் ஆல்பமோ நாவல் மாதிரி. நடுவில் ஓர் அத்தியாயத்தை மட்டும் படித்தால் ரசிக்கலாம், ஆனால் யார் எதற்கு அழுகிறார்கள் என்பது புரியாது.

இந்த வடிவம் வளர்ந்ததற்குக் கலை ஆர்வம் மட்டுமல்ல, இசைத்தட்டும் ஒரு காரணம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் ஓடும். 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்பி (LP) என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்ததும் ஒரு பக்கத்துக்கே இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1955-இல் அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ரா ஓர் ஆல்பம் முழுக்கத் தனிமையையும் காதல் தோல்வியையும் பாடினார்.

தயாரிப்பில் வரிசைதான் பெரிய தலைவலி. ஒரு மெட்டு பின்னால் வேறு உருவில் திரும்பி வரும். எவ்வளவு நல்ல பாட்டானாலும் கருவுக்குப் பொருந்தாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். அப்புறம் வெளியீடு: முன்னோட்டமாக விடும் பாட்டு தனியாகவும் நிற்க வேண்டும். வரிசை கலையாமல் கேட்க வைப்பதும் கஷ்டம். 2021-இல் பிரிட்டிஷ் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகுதான், ஆல்பம் பக்கங்களில் பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானை இசைச் செயலியான ஸ்பாட்டிஃபை பின்னுக்குத் தள்ளியது.

கதை இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, 1967-இல் பீட்டில்ஸ் ஒரு கற்பனை இசைக்குழுவாக நடித்து வெளியிட்ட புகழ்பெற்ற ஆல்பத்திலேயே தொடர்கதை எதுவும் கிடையாது.