டீடாக்ஸ் டீயில் குறைந்த அந்த 2 கிலோ

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய மூலிகை டீயில் ஐந்தே நாளில் 2 கிலோ குறைந்தது, ஆனால் வயிறு முறுக்குகிறது, கெண்டைக்கால் பிடிக்கிறது என்கிறீர்கள். பொட்டலத்தில் சென்னா அல்லது நிலாவரை என்று போட்டிருக்கிறதா பாருங்கள் சகோதரி. அது பேதி மருந்துதான். சாப்பாட்டின் கலோரி பெரும்பாலும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடும். சென்னா வேலை செய்வது அதைத் தாண்டி, பெருங்குடலில். போனது தண்ணீரும் மலமும். கூடவே பொட்டாசியமும் போகும். கால் பிடிப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்.

நீங்கள் பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை) வேறு எடுக்கிறீர்கள். அதிலும் பொட்டாசியம் குறையலாம். டீயை இன்றே நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல. கிளினிக்கில் பொட்டாசியம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மலேசியாவில் பதிவு செய்த பாரம்பரிய மருந்து என்றால், பெட்டியில் 'MAL' என்று தொடங்கி 8 இலக்கம், கடைசியில் 'T' என்று பதிவு எண்ணும், பக்கத்தில் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

எடை குறைய, தே தாரிக்கைக் (கெட்டிப்பால் ஊற்றி ஆற்றும் டீ) கவனியுங்கள். ஒரு மேசைக்கரண்டி கெட்டிப்பாலிலேயே சுமார் 11 கிராம் சீனி. தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) பழகக் கொஞ்ச நாள் ஆகலாம்.