பத்திரத்தில் இருப்பது யார் கையெழுத்து?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். கூட்டுறவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்.

என் ஒரே மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வானான். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். படித்த பள்ளியில் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில், விருப்பமில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டான். இப்போது புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தன்னைவிட இளையவர்களோடு முதலாண்டு படிக்கிறான். வீட்டில் அவன் அம்மாவிடம் மட்டும்தான் பேச்சு. பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கிவைக்கிறோம்.

போன மாதம் பதிவுத் தபால் வந்தது. பயிற்சிக்கு ஆன செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். தொகையைப் பார்த்து இரண்டு நாள் தூக்கமில்லை. என் தம்பி, எலும்பு மருத்துவர் ஒருவரிடம் முழங்கால் பிரச்சினை என்று சான்றிதழ் வாங்கினால் தள்ளுபடி ஆகிவிடும் என்கிறான். நண்பர் ஒருவர், பதிலே போடாதீர்கள், மூன்று வருடம் போனால் கடன் காலாவதி என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனரின் மகனும் அங்கே கல்லூரியிலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்ஓடிசி திட்டத்தின் உதவித்தொகையில் சேர்ந்து முதலாண்டிலேயே விலகியவன்தான். அவனிடம் ஒரு டாலர்கூடக் கேட்கவில்லையாம். நம் நாட்டில் மட்டும் ஏன் இப்படி?

என் முடிவு இது: ஓய்வுக்கால பணத்திலிருந்து கட்டிவிடுகிறேன். ஆனால் அது அவன் கடன். அவனிடம் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போனதும் மாதாமாதம் அடைக்கச் சொல்லப்போகிறேன். அவன் கடனை அவன் சுமந்தால்தான் பொறுப்பு வரும். என் மனைவி இதற்குச் சம்மதிக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ப., கடலூர்

*

அன்புள்ள ப. அவர்களுக்கு,

பயிற்சி நிலையத்தின் பெயரையும் தொகையையும் நீக்கிவிட்டே உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். மற்ற வாசகர்களுக்காக ஒன்று சொல்லலாம்: நடுத்தரக் குடும்பம் ஒன்று மகளின் கல்யாணத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைக்கும் அளவிலான தொகை அது.

'அவன் கடன்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மகன் பயிற்சியில் சேரும்போது எழுதிக்கொடுத்த பத்திரத்தின் நகல் பீரோவில் இருக்கும். எடுத்து வாசியுங்கள். கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாதெமியை எடுத்துக்கொண்டால், அதற்கான தேர்வு அறிவிப்பிலேயே நிபந்தனை அச்சாகியிருக்கும். தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், சீருடை, மருத்துவம் எல்லாம் அரசின் செலவு. பையனின் கைச்செலவு பெற்றோருடையது. தன் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காரணத்தால் ஒருவன் பயிற்சியை முடிக்காமல் போனாலோ, முடித்தபின் அதிகாரிப் பதவியை ஏற்க மறுத்தாலோ, அரசு நிர்ணயிக்கும் தொகையை வட்டியோடு கட்டவேண்டும். அந்தத் தொகை அவனுக்கு உண்மையில் ஆன செலவையும் அவன் வாங்கிய படிகளையும் தாண்டக் கூடாது. கட்டவேண்டியவர் யார்? பயிற்சி பெற்றவனும் ஜாமீன் போட்டவர்களும், கூட்டாகவும் தனித்தனியாகவும். ஜாமீன் போட்டவர் நீங்கள்.

அங்கே சேரும் வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வரை. பலருக்குப் பதினெட்டு நிறைந்திருக்காது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 11, வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது. அரசுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அப்பனைத் தேடி வருகிறது. பள்ளிக்கூட வாசனை போகாத ஒரு பையனுக்கு இருபது வயதில் என்ன தோன்றும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, நீங்கள் தந்தீர்கள். சால்வை உங்களுக்கும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை எழுதும்போது உங்களுக்குள் ஏதோ உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். ஃப்ளெக்ஸில் உங்கள் படமும் ஓரத்தில் இருந்திருக்கும். இரண்டு ஆண்டு காலம் மஞ்சக்குப்பத்தில் நீங்கள் 'மிலிட்டரி ஆபீசர் அப்பா'. அந்தப் பெருமையில் தப்பில்லை. ஆனால் வரவை இருவர் பெயரில் எழுதிவிட்டுச் செலவை ஒருவன் பெயரில் மட்டும் எழுதுவது என்ன கணக்கு? கூட்டுறவுத் துறைக்காரரான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

அரசு கேட்பது நியாயமா என்றால், நியாயம்தான். தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் நானூறு இடங்கள் அளவில்தான், எழுதுபவர்களோ லட்சக்கணக்கில். உங்கள் மகன் எழுந்து வந்த இடத்தில் அந்த ஆண்டு வேறொருவன் உட்கார்ந்திருக்கலாம். நடுவில் காலியான இடத்தைப் பிறகு நிரப்ப முடியாது, பணத்தைத் திருப்பிக் கட்டினாலும் நிரம்பாது. அதே சமயம், விருப்பமில்லாத ஒருவன் அதிகாரியாகி முப்பது பேரின் உயிருக்குப் பொறுப்பேற்பதைவிட இருபது வயதில் எழுதிக்கொடுத்துவிட்டு வருவது எல்லோருக்கும் நல்லது. அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். இதில் துரோகம், மானம் என்ற பேச்சையெல்லாம் கலக்காதீர்கள்.

நான் இருப்பது புதுச்சேரி. எங்கள் ஊரில் இன்னும் சொல்தா குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, பிரெஞ்சுக் குடியுரிமையோடும் ஓய்வூதியத்தோடும் திரும்பியவர்கள். ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்கு வருவார்கள். எங்கள் தெருவில் இருந்த பெரியவர் ஒருவர், காலமாகிவிட்டார், தன் ராணுவ வாழ்க்கை முழுவதையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். சேரும்போது போட்ட ஒப்பந்தம், எந்த ஊரில் எத்தனை மாதம் என்ற தாள், ஆண்டுதோறும் அனுப்பும் உயிர்ச்சான்றின் நகல்கள். அதற்குள் பழுப்பேறிய சின்னச் சீட்டு ஒன்று: தொலைத்துவிட்ட ஒரு பெல்ட்டுக்காகச் சம்பளத்தில் பிடித்த ரசீது. பதக்கத்தைக் காட்டும் அதே முகத்தோடு அதையும் காட்டுவார். "பட்டாளம் காலுறையைக்கூட எண்ணித்தான் கொடுக்கும், எண்ணித்தான் வாங்கும்" என்பார். பெல்ட் தொலைந்ததற்காக அவர் தலைகுனிந்ததாக நினைவில்லை. உங்களுக்கு வந்த பதிவுத் தபாலையும் அப்படி ஒரு தாளாக எடுத்துக்கொள்ளலாம். அது உங்கள் மகனின் நடத்தைச் சான்றிதழ் கிடையாது.

உங்கள் தம்பி சொல்லும் யோசனையைக் கையாலும் தொடாதீர்கள். முதலில் அது நடக்காது. உங்கள் மகன் விலகியதற்கான காரணம் அவன் கையெழுத்தோடு அங்கே கோப்பில் இருக்கிறது. உடல்தகுதியை முடிவு செய்வதும் ராணுவத்தின் மருத்துவக் குழுதான். கடலூர் எலும்பு மருத்துவரின் கடிதத்தாள் அங்கே எடுபடாது. அதைவிட முக்கியமானது வேறு. உண்மையாகவே பயிற்சியில் அடிபட்டு, முதுகெலும்போ காலோ போய் வெளியே அனுப்பப்பட்ட பையன்கள் இருக்கிறார்கள். பயிற்சி முடியாததால் அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. கருணைத் தொகையை வைத்துக்கொண்டு மருத்துவச் செலவோடு மல்லுக்கட்டியவர்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அவர்கள் நிலையை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே மாதம்தான் முன்னாள் படைவீரர்களின் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. இந்த வரிசையில் பொய் முழங்காலோடு ஒருவன் நிற்பதை உங்கள் தம்பி கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கட்டும்.

நண்பரின் சட்டஞானம் டீக்கடை ரகம். மூன்று வருடம் என்பது நீங்களும் நானும் கைமாற்றாகக் கொடுத்து வாங்கும் கடனுக்கு. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் தொடுக்கும் வழக்குக்கு முப்பது ஆண்டு. அதுவரை பதில் போடாமல் இருந்தால் உங்கள் மகனுக்கு ஐம்பது வயதாகியிருக்கும். வட்டி மட்டும் இளமையாக வளர்ந்துகொண்டே இருக்கும்.

இனி அமெரிக்க மைத்துனர். அவர் சொன்னது உண்மைதான், பாதி உண்மை. ஆர்ஓடிசி 1916-லிருந்து அங்கே இருக்கும் ஏற்பாடு. நம்மூர் என்சிசி போலச் சாதாரணக் கல்லூரிக்குள்ளேயே பயிற்சி. படித்து முடித்தால் அதிகாரிப் பதவி. உதவித்தொகை பெறுபவரின் கல்விக் கட்டணத்தை ராணுவம் கட்டும். நான்காண்டு உதவித்தொகையில் சேர்ந்தவர் முதலாண்டோடு விலகினால் பணத்தைத் திருப்பத் தேவையில்லை. இரண்டாம் ஆண்டில் காலை வைத்துவிட்டால் கதை வேறு. விலகினால் ஒன்று, சாதாரணச் சிப்பாயாக வந்து பணிசெய் என்று கூப்பிடலாம். அல்லது, கட்டிய கட்டணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். எது என்பதை முடிவு செய்வது ராணுவம். மாணவனுக்குத் தேர்வு கிடையாது. திவால் மனு கொடுத்தும் எளிதில் தப்ப முடியாது. ஐந்து ஆண்டுக்குள் வாங்கும் திவால் உத்தரவு இந்தக் கடனைத் துடைக்காது என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக, உங்கள் மகன் அமெரிக்காவில் பிறந்திருந்தாலும், இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில் விலகியதற்கு இதே போன்ற ஒரு தபால் வந்திருக்கும்.

ஆனாலும் அந்த முதலாண்டு விலக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நான் மேலே சொன்ன நம் நிபந்தனையில் அப்படி ஒன்றும் இல்லை. பதினேழு வயதில் மொட்டையடித்துக்கொண்டு விடியற்காலையில் ஓடும் வரை, இந்த வாழ்க்கை தனக்கு ஒத்துவருமா என்று எந்தப் பையனுக்குத் தெரியும்? ஓர் ஆண்டு வாசலைத் திறந்துவைத்திருந்தால், பணத்துக்குப் பயந்து இரண்டாம் ஆண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுபவர்கள் முன்னமே வெளியே வந்துவிடுவார்கள். அரசுக்கும் செலவு மிச்சம். உங்கள் மகன் அப்படித் தள்ளியவனா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி இவ்வளவு இருக்கிறது, அவன் ஏன் வந்தான் என்பது மூன்று நான்கு சொல்லில் முடிந்துவிட்டது.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். மொத்தத் தொகையைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதை விட்டுவிட்டு, அது எப்படி வந்தது என்று கேளுங்கள். எத்தனை வாரப் பயிற்சி, வாரத்துக்கு என்ன விகிதம், எந்தத் தேதியிலிருந்து வட்டி, என்ன விழுக்காடு. விடுப்பில் வீட்டில் இருந்த வாரங்களும் சேர்ந்திருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பத்திரமே 'ஆன செலவைத் தாண்டாமல்' என்று சொல்லும்போது கணக்கு கேட்பது உங்கள் உரிமை. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 10 ரூபாய் அஞ்சல் ஆணையோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. முப்பது நாளில் பதில் தரவேண்டும். அந்தக் கடிதத்திலேயே, கட்ட மறுக்கவில்லை, தவணை வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். ஓய்வூதிய ஆணையின் நகலையும் இணையுங்கள். பத்திரத்தை ஒரு முறை வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது, சண்டைக்காக இல்லாவிட்டாலும் வரிகளைப் புரிந்துகொள்வதற்காக. நகையைக் கொண்டுபோய்த் தனியார் அடகுக்கடையில் வைத்து ஒரே மூச்சில் கட்டிவிடலாம் என்ற ரோஷம் வந்தால், அந்த வட்டியையும் இந்த வட்டியையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

புரோநோட்டு வேண்டாம். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பத்திரத்தில் அவனும் ஒரு கட்சி என்பது உண்மை, அதனால் தபாலை அவனிடம் மறைக்காதீர்கள், படிக்கக் கொடுங்கள். கணக்கு கேட்கும் கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள், வாரக் கணக்கு உங்களைவிட அவனுக்குத்தான் தெரியும். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் அளவுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். பின்னாளில் சம்பளம் வாங்கி அவனாகக் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் தேதி போட்டு வசூலிக்கும் அப்பாவிடம் எந்த மகனும் மனம்விட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. ஏன் வந்தான் என்பது அவன் அம்மாவுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு அவனிடம் போய் விசாரணை வைக்காதீர்கள்.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முந்தைய பயிற்சியைப் பற்றிக் கேட்டால் அவனுக்கு அது தேவைப்படும். அசல் அவனிடம் இருக்கட்டும், நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அன்புடன்.