'போக வேண்டும்' என்பதற்கு ஏன் 'மஸ்ட் டு கோ' வராது? மோடல் வினைகள் பற்றிய கேள்வி பதில்

வன்னிப் பள்ளிக்கூடங்களில் 30 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். கான், குட், மஸ்ட், ஷுட் போன்ற மோடல் வினைகளை (முடியும், வேண்டும் போன்ற கருத்தைத் தரும் துணைவினைகளை) பற்றியும், அவற்றோடு வரும் வினை, பிரிபொசிஷன் (டு, ஃபோர், அபவுட் போன்ற சிறு சொற்கள்) பற்றியும் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

முள்ளியவளை, சாதாரண தர மாணவி: ரீச்சர், 'ஐ மஸ்ட் டு கோ' என்று எழுதினால் வெட்டுகிறார்கள். 'ஐ ஹாவ் டு கோ' என்றால் சரி போடுகிறார்கள். இரண்டுமே 'நான் போக வேண்டும்' தானே?

பிள்ளை, இந்தப் பிழையில் பாதி எங்களுடையது. 'கோ' என்றால் போ, 'டு கோ' என்றால் போக என்று கரும்பலகையில் எழுதிப்போட்டது நாங்கள்தான். பிறகு பரீட்சையில் 'போக வேண்டும்' என்று வந்தால் பிள்ளை என்ன செய்யும்? போக என்பதற்கு டு கோ, வேண்டும் என்பதற்கு மஸ்ட், இரண்டையும் ஒட்டிவிடும். தமிழில் முடியும், வேண்டும், கூடும் எல்லாம் 'செய்ய' என்ற எச்சத்தைக் கேட்கும். ஆங்கில மோடல் வெறும் வினையைத்தான் கேட்கும்: மஸ்ட் கோ, கான் கோ, மே கோ. டுவும் வேண்டாம், எஸ்ஸும் வேண்டாம். 'ஷி கான் ஸ்விம்ஸ்' என்று எழுதுவதும் இதே பிழைதான்.

'ஹாவ் டு' மோடலின் வேலையைச் செய்தாலும் சாதாரண வினையாகவே நடக்கும். ஷி ஹாஸ் டு கோ, ஷி ஹாட் டு கோ என்று ஆளுக்கும் காலத்துக்கும் மாறும். மஸ்ட் எதற்கும் மாறாது. அதனால் 'நேற்றுப் போக வேண்டியிருந்தது' என்று சொல்ல மஸ்ட் உதவாது, ஹாட் டு தான் வேண்டும். மோடல் வரிசையில் டுவோடு வருவது 'ஓட் டு'. அதை அப்படியே பாடமாக்கிவிடும்.

வட்டக்கச்சி, கமக்காரர் அமைப்புச் செயலாளர்: கடிதம் ஒன்றில் 'வீ மஸ்ட் டிஸ்கஸ் அபவுட் த வோட்டர்' என்று எழுதினேன். மகள் அபவுட்டை வெட்டிவிட்டாள். 'தண்ணீரைப் பற்றி' என்பதில் உள்ள 'பற்றி' எங்கே போனது? அதே கடிதத்தில் '15ஆம் திகதிக்குள் அனுப்ப வேண்டும்' என்பதற்கு அன்டில் போடலாமா?

மகள் செய்தது சரி, அண்ணை. இரணைமடுத் தண்ணீரைப் பற்றிச் சிறுபோகக் கூட்டத்தில் விடிய விடியக் கதைத்தாலும் டிஸ்கஸ் என்ற வினைக்கு அபவுட் வராது. டோக் என்றால் வரும். டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லாக எழுதினாலும் வரும்.

இதில் மஸ்ட்டுக்கு ஒரு பங்கும் இல்லை. அதை எடுத்துவிட்டுக் கான் போடுங்கோ, மைட் போடுங்கோ, பிரிபொசிஷன் அசையாது. அதைத் தீர்மானிப்பது மோடலுக்குப் பின்னால் நிற்கும் வினை. வெயிட் ஃபோர், லிசின் டு, டிபெண்ட் ஒன் என்று சோடியாகவே பாடமாக்க வேண்டும்.

கேள்வி கேட்கும்போது இன்னொரு சிக்கல். தமிழில் உருபு பெயரோடு ஒட்டும்: 'யாரோடு கதைக்க வேண்டும்?' ஆங்கிலத்தில் 'ஹூ ஷுட் ஐ டோக் டு?' என்று அந்த டு கடைசியில் தனியாக நிற்கும். அதைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் பொறுக்காது, வெட்டிவிடுவார்கள். வெட்டினால் வசனம் பிழைத்துப் போகும். 'த சில்ட்ரன் மஸ்ட் பி லுக்ட் ஆஃப்டர்' என்பதிலும் அப்படித்தான். கடைசி ஆஃப்டர் போய்விட்டால் பிள்ளைகளைக் கவனிக்க ஆளில்லை.

திகதிக்கு பை போடுங்கோ. இங்கே தமிழே வழி காட்டும்: '-க்குள்' என்றால் பை, 'வரை' என்றால் அன்டில். மஸ்ட் சென்ட் பை, மஸ்ட் வெயிட் அன்டில்.

மாங்குளம், மிதிவெடி அகற்றும் வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்: 'மஸ்ட் நொட்', 'டோன்ட் ஹாவ் டு' இரண்டுக்கும் 'வேண்டாம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

தம்பி, அந்தக் குறிப்பை இப்பவே கிழித்துவிடும். 'மஸ்ட் நொட் க்ரொஸ்' என்றால் கடக்கக் கூடாது. 'டோன்ட் ஹாவ் டு க்ரொஸ்' என்றால் கடக்கத் தேவையில்லை, விரும்பினால் கடக்கலாம். எங்கள் 'வேண்டாம்' இரண்டையும் மூடிக்கொள்ளும். 'கிணற்றடிக்குப் போக வேண்டாம்' என்று தாய் சொன்னால் தடை. 'காசு தர வேண்டாம்' என்று கடைக்காரர் சொன்னால் சலுகை. ஆகவே மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்குப் பக்கத்தில் 'வேண்டாம்' என்ற சொல்லே வேண்டாம். கூடாது, தேவையில்லை என்று பிரித்து எழுதும்.

கிளிநொச்சி, உயர்தர மாணவன்: 'மஸ்ட் ஹாவ் கோன்', 'ஷுட் ஹாவ் கோன்' இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறேன்.

மாற்றாமல் இருந்தால்தான் அதிசயம். 'போயிருக்க வேண்டும்' என்ற ஒரே தமிழுக்குள் இரண்டும் இருக்கின்றன. அண்ணன் யாழ்தேவியில் கொழும்புக்குப் போகிறார், நீர் வழியனுப்ப ஸ்டேஷனுக்கு ஓடுகிறீர் என்று வையும். மேடையில் ஆளில்லை, பையில்லை, ரயிலும் இல்லை. 'போயிருக்க வேண்டும்' என்கிறீர். இது ஊகம்: மஸ்ட் ஹாவ் கோன். வீட்டுக்குத் திரும்பினால் ஆள் பாயில் குறட்டை. அம்மா தலையில் கை வைத்து 'போயிருக்க வேண்டுமே' என்கிறார். போகவில்லை என்ற ஆதங்கம்: ஷுட் ஹாவ் கோன். தமிழில் குரல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் மோடல் செய்கிறது. 'போயிருக்கலாம்' என்பதும் இப்படியே. போனாரோ தெரியாது என்றால் மே ஹாவ், போக வழியிருந்தும் போகவில்லை என்றால் குட் ஹாவ்.

இன்னொன்று. வேகமாகப் பேசும்போது 'ஷுட் ஹாவ்' என்பது 'ஷுடவ்' என்று காதில் விழும். அதை 'ஷுட் ஒஃப்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் கூட. ஒஃப் பிரிபொசிஷன், அதற்கு அங்கே இடமில்லை. லண்டன் மச்சான் எழுதி அனுப்பினாலும் பிழை பிழைதான்.

நெடுங்கேணி, வேலை தேடுபவர்: 'ஐ வில் கான் கம்' சரியா? சோதனை பாஸ் பண்ணிவிட்டேன் என்று சொல்ல 'ஐ குட் பாஸ் த எக்ஸாம்' சரியா?

இரண்டும் பிழை. இரண்டு மோடல் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது, 'வில் பி ஏபிள் டு கம்' என்று எழுதும். ஒரு தடவை நடந்து முடிந்த வெற்றிக்குக் குட் பொருந்தாது, 'வோஸ் ஏபிள் டு பாஸ்'. பேசாமல் 'ஐ பாஸ்ட்' என்று எழுதினால் இன்னும் நல்லது.

முல்லைத்தீவு, கந்தோரில் வேலை செய்பவர்: மேலதிகாரியிடம் லீவு கேட்க 'கான் யூ' நல்லதா, 'குட் யூ' நல்லதா, அக்கா?

குட் யூ, தங்கச்சி. எங்களிடம் வா, வாரும், வாங்கோ என்று மூன்று படி இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே யூ. அதனால் மரியாதையின் பெரும் பங்கை மோடல்தான் சுமக்கிறது. இந்தக் குட்டுக்கு இறந்தகாலம் கிடையாது, பணிவு மட்டும்தான். 'வுட் யூ மைண்ட்' இன்னும் ஒரு படி மேலே. அதற்குப் பிறகு கிவிங், சைனிங் என்று ஐஎன்ஜி வரும். அதைக் கேட்பது மைண்ட், வுட் அல்ல.

நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு லீவு கேட்டு 'யூ ஷுட் கிவ் மீ டூ டேஸ் லீவ்' என்று அதிபருக்கு எழுதினேன். கடிதம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஷுட்டை வெட்டி, முன்னால் குட் எழுதி, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதற்குக் கீழே 'யெஸ்' என்று கையெழுத்து வைத்திருந்தார்.