சிவப்புச் சிலுவை போட்ட யூனிஃபார்ம் என் மகளைக் காப்பாற்றுமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, காரைக்குடியில் வேலை பார்க்கிறாள். சூடானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். சண்டை நடக்கிற நாடாச்சே என்றால், 'யூனிஃபார்மிலேயே செஞ்சிலுவை இருக்கும், சட்டப்படி ஒருத்தரும் தொட முடியாது' என்கிறார். மூன்று லட்சம் கேட்கிறார். நம்பலாமா? காயம்பட்ட போராளிக்கு மருந்து போட்டால் அவளையும் எதிரி என்று பிடிப்பார்களா?"

அம்மா, அனுப்பாதீர்கள்.

ஆஸ்பத்திரியையும் நர்ஸையும் தாக்கக் கூடாது என்று போர்ச் சட்டம் சொல்வது உண்மை. 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் அதற்கு அடிப்படை. ஆனால் செஞ்சிலுவை, நினைத்தவர்கள் தைத்துப் போட்டுக்கொள்ளும் சின்னம் இல்லை. ராணுவ மருத்துவப் பிரிவு, செஞ்சிலுவை அமைப்புகள், அரசு அனுமதித்த ஆஸ்பத்திரிகள், அவ்வளவுதான். அதிலும் சூடானில் வழங்குவது செம்பிறை. இதுகூடத் தெரியாதவர்தான் உங்களுக்குச் சட்டம் சொல்கிறார். நம் ஊரில் கிளினிக் போர்டு, கார் கண்ணாடி என்று கண்ட இடத்திலெல்லாம் சிவப்புக் கூட்டல் குறி ஒட்டியே இந்தக் குழப்பம் வந்தது. அதற்கு நம் நாட்டின் 1960 ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் வைத்த உச்ச அபராதம் வெறும் 500 ரூபாய்!

2015 அக்டோபர் 3, ஆப்கானிஸ்தானின் குந்தூஸ். எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற தொண்டு அமைப்பு தன் ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை அமெரிக்க ராணுவத்துக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தது. அப்படியும் அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் செத்தார்கள். 2016 மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை இப்படி ஆஸ்பத்திரிகளைத் தாக்குவதைக் கண்டித்து 2286-ஆம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் அதே சூடானில், எல்ஃபாஷர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் சுமார் 70 பேர் பலி. தீர்மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். போராளிக்குக் கட்டுப் போடுவது குற்றமே இல்லை. அவனிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்த துப்பாக்கி வார்டில் கிடந்தாலும் ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு போகாது. மாடியில் ஆளை நிறுத்திச் சுட்டாலோ, ஆயுதக் கிடங்காக்கினாலோதான் போகும். அப்போதுகூட முதலில் எச்சரித்து, வெளியேற அவகாசம் கொடுத்த பிறகே தாக்கலாம். ஏட்டில் இப்படித்தான் இருக்கிறது. ராத்திரி வரும் ட்ரோன் அவகாசம் கொடுக்குமா?

இனி அந்த ஏஜென்ட். எனக்குக் கோபமெல்லாம் இவர் மேல்தான். வேலைக்குப் போக மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் சூடானும் ஒன்று. 2015 முதல், பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் நர்ஸ்கள் 'இமைக்ரேட்' என்ற மத்திய அரசு இணையதளம் வழியாக அனுமதி வாங்கித்தான் அங்கே போக வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். சப்-ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதே இல்லை. "முதலில் விசிட் விசாவில் துபாய், அங்கிருந்து மாற்றிவிடுகிறோம்" என்பார்கள். அப்படிப் போனால் மகள் எங்கே இருக்கிறாள் என்பதே அரசின் கணக்கில் இருக்காது. கல்லல் பக்கத்துக் குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்துக்கு வாங்கிய ரசீதைக் கொண்டுவந்து காட்டினார்கள். கோடுபோட்ட நோட்டுத்தாளில் "ப்ராசஸிங்" என்று ஒரு சொல், கீழே ஒரு செல் நம்பர். பதிவு எண் இல்லை, கையெழுத்தும் இல்லை. புகார் கொடுக்கலாம் என்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையில். கூலி வேலைக்குப் போகிறவர் எத்தனை தடவை பஸ் ஏறுவார்?

வெளிநாடு போக மகளுக்கு ஆசை இருந்தால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதியச் சொல்லுங்கள். ஏஜென்டிடம் பதிவு எண்ணை இன்றைக்கே கேட்டு, இமைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். அசல் சான்றிதழ்களை அவரிடம் கொடுத்திருந்தால், எண் வரும்வரை காத்திருக்காமல் முதலில் அவற்றைத் திரும்ப வாங்கி வாருங்கள்.